பம்ப் கம்பெனிக்கு மீடியா அவுட்ரீச் சாஃப்ட்வேர்: 412 மெயில் போயாச்சு, பேட்டி ஒன்றுகூட வரவில்லை

நொய்யல்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோவையில் நடுத்தர அளவு பம்ப்செட் நிறுவனம். போர்வெல் சப்மெர்சிபிள், சோலார் பம்ப் இரண்டும் செய்கிறோம், கொஞ்சம் ஏற்றுமதியும் உண்டு. டிசைன் பிரிவின் தலைமைப் பொறியாளருக்கு விஷயமும் தெரியும், பேசவும் வரும். விளம்பரத்துக்குக் கொட்டுவதற்குப் பதில் அவர் நிபுணராக நாலு பத்திரிகையில் பேசினால் பிராண்டின் பேர் தானாகப் போய்ச் சேரும் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

அதற்காக ஒரு அவுட்ரீச் டூலை (செய்தியாளர் முகவரிகளைத் தேடித் தந்து மெயிலும் அனுப்பும் மென்பொருள்) டிரயலில் எடுத்தோம். வேளாண்மை, எரிசக்தி, உற்பத்தித் துறை என்று மூன்று ஃபில்டர் போட்டதில் 412 செய்தியாளர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மெயில், கூடவே 3.5 எம்பி கம்பெனி புரோஃபைல் பிடிஎஃப். 61 சதவீதம் பேர் திறந்ததாக டேஷ்போர்டு காட்டுகிறது. வந்த பதில் 4. இரண்டு லீவு ஆட்டோ-ரிப்ளை, ஒன்று "பட்டியலிலிருந்து நீக்கவும்", ஒன்று ஒரு பத்திரிகையின் விளம்பரப் பிரிவு அனுப்பிய ரேட் கார்டு, அதாவது விளம்பரக் கட்டணப் பட்டியல்.

கேட்க நினைப்பது மூன்று:
1. டூலை மாற்றணுமா, முறையை மாற்றணுமா?
2. செய்தியாளர்களே "இந்த விஷயத்தில் நிபுணர் வேண்டும்" என்று கேட்கும் தளங்கள் இருக்கின்றனவே, அவை இந்தியக் கம்பெனிக்குப் பயன்படுமா?
3. தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இதே டூல் போதுமா?

---

மெயில்பெட்டி

முதலில் அந்த 61 சதவீதத்தை மறந்துவிடுங்கள். டூல் மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வைத்து, அது இறங்கினால் "திறந்தார்" என்று எண்ணுகிறது. 2021-இல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில் செயலி, ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தப் படத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது. பெரிய பத்திரிகை நிறுவனங்களில் மெயிலைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள் லிங்க்கைக்கூட அமுக்கிப் பார்க்கும். ஆக ஓப்பன், கிளிக் இரண்டுமே நம்பத்தக்கவை அல்ல. எத்தனை மனிதர் பதில் எழுதினார் என்பதை மட்டும் எண்ணுங்கள். உங்களுக்கு அது 2, இரண்டுமே பேட்டிக்கு உதவாதவை.

அடுத்து, மெயில் இன்பாக்ஸுக்குத்தான் போனதா என்று பாருங்கள். டூல் இரண்டு விதமாக அனுப்பும். உங்கள் கூகுள் வொர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 கணக்கோடு இணைந்து உங்கள் பெட்டியிலிருந்தே அனுப்புவது ஒன்று. டூல்காரரின் சர்வரிலிருந்து உங்கள் பெயரைப் போட்டு அனுப்புவது மற்றொன்று. உங்கள் டிரயல் கணக்கில் இரண்டாவது ஓடியிருக்கலாம். அதற்கு டிஎன்எஸ்ஸில் (உங்கள் டொமைனின் பொது அமைப்புப் பதிவேடு) மூன்று வேலை இருக்கிறது.

எஸ்பிஎஃப்: உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். டூல்காரர் கொடுத்த வரியைப் பழையதன் பக்கத்தில் இன்னொரு டிஎக்ஸ்டி ரெக்கார்டாகப் போட்டால் இரண்டும் செல்லாது. அதிகம் பார்க்கும் தப்பு இதுதான். ஏற்கெனவே உள்ள வரிக்குள்ளேயே டூலின் 'இன்க்ளூட்' பகுதியைச் சேர்க்கவேண்டும். அந்த வரி கிளப்பும் டிஎன்எஸ் தேடல்கள் மொத்தம் 10-ஐத் தாண்டக்கூடாது. பில்லிங், சிஆர்எம், நியூஸ்லெட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

டிகேஐஎம்: மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து. அதற்கு டூல் தரும் சாவியை உங்கள் டொமைனில் ஏற்றுங்கள். 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும். சில டிஎன்எஸ் பலகைகள் அதைத் தானாக உடைக்காது. நீங்களே இரண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் போடவேண்டும்.

டிமார்க்: மேலே சொன்ன இரண்டில் ஒன்றாவது 'ஃப்ரம்' வரியின் டொமைனோடு பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை. இங்கேதான் நுட்பம். டூல்காரரின் சர்வர் அனுப்பும்போது எஸ்பிஎஃப் அவருடைய டொமைனுக்குப் பாஸ் ஆகும், 'ஃப்ரம்' வரியில் இருக்கும் உங்கள் டொமைனோடு ஒத்துப்போகாது. டிகேஐஎம்மும் உங்கள் டொமைனில் இல்லையென்றால் டிமார்க் ஃபெயில். உங்கள் ஐடி ஆட்கள் கொள்கையை 'ரிஜெக்ட்' என்று வைத்திருந்தால் அந்த 412-இல் பெரும்பகுதி வாசலோடு திரும்பியிருக்கும்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது அவர்கள் கோடு, 0.1-க்குக் கீழே என்றால் நல்லது. 412 மெயிலில் இரண்டு பேர் ஸ்பேம் பொத்தானை அமுக்கினாலே கிட்டத்தட்ட 0.5. அதன் பலன் பிஆர் (மக்கள் தொடர்பு) மெயிலோடு நிற்காது. அதே டொமைனில் டீலருக்குப் போகும் கொட்டேஷனும் ஸ்பேமில் விழ ஆரம்பிக்கும். ஆகவே பெரிய பட்டியலுக்குப் போகும் பிரஸ் ரிலீஸுக்குத் தனி சப்-டொமைன். ஆளுக்கு ஆள் எழுதும் பிட்ச் மெயிலை (செய்தி யோசனை சொல்லும் மெயில்) உங்கள் பெட்டியிலிருந்தே அனுப்புங்கள், டிராக்கிங்கை அணைத்துவிட்டு.

இன்னொன்று. டூலின் பெயர்ப் புலத்தைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். நம் ஊர்ப் பெயரில் இனிஷியல் முன்னால் வரும். வெளிநாட்டு டேட்டாபேஸ் அதை முதற்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். "வணக்கம் எஸ்" என்று ஆரம்பிக்கும் மெயிலை யார் படிப்பார்கள்?

---

இரவுப்பதிப்பு

மேலே சொன்னது குழாய் வேலை, அவசியம்தான். ஆனால் குழாய் சரியாக இருந்தாலும் அந்த மெயிலுக்குப் பேட்டி வந்திருக்காது. "எங்கள் நிறுவனம் இத்தனை ஆண்டு, இத்தனை டீலர், எங்கள் பொறியாளர் பேட்டிக்குத் தயார்" என்றால் செய்தியாளர் அதை வைத்து என்ன எழுதுவார்? அதில் செய்தி இல்லை. அதனால்தான் அது விளம்பரப் பிரிவுக்குக் கைமாறி ரேட் கார்டாகத் திரும்பியிருக்கிறது. அனுப்பியவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்.

412-ஐ 20, 25 பேராகக் குறையுங்கள். டூலின் ஃபில்டர் 'வேளாண்மை' என்றால் சந்தை விலை எழுதுபவர், கொள்கை எழுதுபவர், சமையல் பக்கத்தில் இயற்கைக் காய்கறி எழுதுபவர் எல்லோரும் வருவார்கள். கடந்த 3 மாதத்தில் நிலத்தடி நீர், விவசாய மின் இணைப்பு, சோலார் பம்ப் மானியம், பிஎம்-குசும் (விவசாய சோலார் பம்புக்கான மத்திய அரசுத் திட்டம்), கோவை சிறுதொழில் இவற்றைப் பற்றித் தன் பெயரில் எழுதியவர் யார் என்று கட்டுரையைத் தேடிப் பட்டியலிடுங்கள். டூலில் கட்டுரைத் தேடல் இருந்தால் அதுதான் அதன் மதிப்புள்ள பகுதி, பதவிப் பட்டியல் அல்ல. ஒவ்வொருவர் பக்கத்திலும் எந்தச் செய்தி, என்றைக்கு, நம்மால் அதில் என்ன சேர்க்கமுடியும் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாதவரை நீக்கிவிடுங்கள்.

அப்புறம் பிட்ச். நிபுணரின் ஆளுமையை விற்காதீர்கள். அவர் சொல்லப்போவதை மெயிலிலேயே கொடுத்துவிடுங்கள். கோடையை ஒட்டி மார்ச் கடைசியில் அனுப்புவதாக ஒரு மாதிரி:

*பொருள்: போர்வெல் மோட்டார் கோடையில் ஏன் எரிகிறது? விளக்க ஒரு பம்ப் வடிவமைப்பாளர்*

*வணக்கம். (வட்டாரம்) நிலத்தடி நீர் பற்றிய உங்கள் செய்தியில் மோட்டார் எரிவதாக விவசாயிகள் சொல்லியிருந்தார்கள். வழக்கமான காரணங்கள் இரண்டு. சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது அதை ஒட்டி ஓடும் தண்ணீர்தான்; நீர்மட்டம் இறங்கிப் பம்ப் வறண்டு ஓடினால் சூடு தணிய வழியில்லை. இரண்டாவது, லோ வோல்டேஜ். 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 10 சதவீதம் குறைந்தால் மோட்டார் தரக்கூடிய முறுக்குவிசை சுமார் 19 சதவீதம் குறையும். அதே சுமையை இழுக்க அதிக கரண்ட் எடுத்து வைண்டிங் சூடாகும். வேகத்தை 10 சதவீதம் குறைத்து ஓட்டினால் மின்செலவு 27 சதவீதம் மிச்சமாகும். எரிந்த வைண்டிங்கைப் பிரித்து வைத்து, எது வறண்டு எரிந்தது, எது வோல்டேஜில் எரிந்தது என்று எங்கள் தலைமை வடிவமைப்புப் பொறியாளர் காட்ட முடியும். இந்த வாரம் செவ்வாய், புதன் காலை 10 முதல் 1 வரை போனில் அல்லது ஆலையில். கைபேசி எண் கீழே.*

அவ்வளவுதான். கம்பெனி வரலாறு வேண்டாம், பிடிஎஃப் வேண்டாம். படம், பயோ இரண்டையும் ஒரு லிங்க்கில் வையுங்கள். லாகின் கேட்காமல் திறக்கிறதா என்று வேறொரு கணக்கிலிருந்து சோதித்த பிறகு அனுப்புங்கள். இரவு 8 மணிக்குப் படம் எடுக்கப் போனவருக்கு "அனுமதி கோரவும்" என்று வந்தால் வேறு படம் போட்டுவிட்டுப் போய்விடுவார். படம் குறைந்தது 1500 பிக்சல் அகலம், படுக்கைவசம், ஒன்று முகம், ஒன்று வேலைசெய்யும் இடம்.

பதில் இல்லையென்றால் 3, 4 வேலை நாள் கழித்து அதே மெயில் தொடரில் ஒரே ஒரு ஃபாலோ-அப். அதில் புதிதாக ஒரு தகவல் இருக்கவேண்டும். "பார்த்தீர்களா?" என்பது தகவல் இல்லை. டூலில் 5 கட்ட ஆட்டோ ஃபாலோ-அப் என்று ஒன்று இருக்கும். அது சேல்ஸ் ஆட்களுக்குச் செய்தது, அணைத்துவையுங்கள்.

---

சுழலி

இரவுப்பதிப்பு, மாதிரி நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த 27 சதவீத வரியை எடுத்துவிடுங்கள். போர்வெல்லுக்கு அது தப்பு.

வேகம் 10 சதவீதம் குறைந்தால் பம்ப் எடுக்கும் மின்திறன் 0.9-இன் மும்மடிப் பெருக்கம், அதாவது 0.729 ஆகும் என்பது சரி. அது குழாய் உராய்வு மட்டுமே தடையாக இருக்கும் சுற்றோட்ட அமைப்புக்குப் பொருந்தும். போர்வெல்லில் பெரும்பகுதி ஸ்டாட்டிக் ஹெட், தண்ணீரை மேலே தூக்குகிற உயரம். பம்ப் கொடுக்கும் ஹெட் வேகத்தின் இருமடியில் குறையும். ஓட்டமே இல்லாத நிலையில் 130 மீட்டர் ஹெட் தரும் பம்ப் 90 சதவீத வேகத்தில் சுமார் 105 மீட்டர் தரும், 85 சதவீதத்தில் சுமார் 94. நீர்மட்டம் 100 மீட்டரில் இருந்தால் 90-இல் சொட்டும், 85-இல் ஒரு சொட்டு ஏறாது. மோட்டார் மட்டும் சுற்றும். ஒட்டி ஓடும் தண்ணீர் இல்லை, ஆகவே எரியும். மோட்டார் எரியாமல் இருக்க யோசனை சொல்லப் போய், எரிக்கிற யோசனையைச் சொன்னதாக ஆகிவிடும்.

கேட்டவருக்கு இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், பிட்ச் மெயிலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அனுப்பவேண்டும். மார்க்கெட்டிங் ஆட்களோ டூலில் வரும் ஏஐ எழுத்துப் பெட்டியோ போடும் எண் இப்படித்தான் வரும்: சூத்திரம் சரி, இடம் தப்பு. அச்சில் வந்த பிறகு ஊரில் உள்ள மற்ற பம்ப்காரர்கள் சிரிப்பார்கள். கோவையில் பம்ப் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா?

---

இரவுப்பதிப்பு

ஒப்புக்கொள்கிறேன், அந்த வரி போகட்டும். அதற்குப் பதில் நீங்கள் சொன்ன 100 மீட்டர் கணக்கையே போட்டால் இன்னும் நல்ல பிட்ச். "வேரியபிள் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டால் மிச்சம்" என்று எல்லோரும் சொல்லும்போது எந்தக் கிணற்றில் அது வேலைசெய்யாது என்று சொல்கிறவருக்குத்தான் செய்தியாளர் போன் போடுவார்.

---

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க. ஐடியில் கேட்டேன், எஸ்பிஎஃப் இரண்டு ரெக்கார்டாகத்தான் இருந்தது. அந்த ரிக்வெஸ்ட் தளங்கள் பற்றி யாராவது சொல்லுங்க. எங்கள் ஏற்றுமதிப் பிரிவுக்கு வெளிநாட்டு டிரேட் பத்திரிகைதான் வேணும். நிர்வாகம் ஒவ்வொரு செய்தியிலும் வெப்சைட்டுக்கு லிங்க் வந்தாகணும் என்று வேறு சொல்கிறது.

---

ஒன்பதரைமணி

செய்தியாளர் நிபுணரைக் கேட்கும் இந்தத் தளங்களில் பழைய பெயர் ஹாரோ (ஹெல்ப் எ ரிப்போர்ட்டர் அவுட்). பீட்டர் ஷாங்க்மன் 2008-இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. நாளுக்கு மூன்று முறை செய்தியாளர் கேள்விகளைத் தொகுத்து மெயிலாக அனுப்புவார்கள். 2010-இல் வோகஸ் என்ற பிஆர் மென்பொருள் நிறுவனம் வாங்கியது, பிறகு அது அதே துறையின் சிஷனோடு சேர்ந்தது, பெயர் கனெக்டிவ்லி ஆனது, 2024 டிசம்பரில் மூடினார்கள். 2025-இல் ஃபீச்சர்டு நிறுவனம் ஹாரோ பெயரை வாங்கி மறுபடி நடத்துகிறது. ஷாங்க்மன் தனியாக சோர்ஸ் ஆஃப் சோர்சஸ் என்று ஒன்று நடத்துகிறார். க்வோட்டட் அமெரிக்காவில் வணிகம், நிதி பக்கம் பலமானது. பிரிட்டனுக்கு ரெஸ்பான்ஸ்சோர்ஸ், ஆஸ்திரேலியாவுக்கு சோர்ஸ்பாட்டில். எக்ஸ் தளத்தில் 'ஜர்னோரிக்வெஸ்ட்' ஹேஷ்டேகும் பெரும்பாலும் பிரிட்டன் செய்தியாளர்களுடையது. பழைய வலைப்பதிவுகளில் உள்ள "ஹாரோவில் சேர 10 வழி" எல்லாம் கனெக்டிவ்லி காலத்தோடு போய்விட்டன, அதை நம்பி உட்காராதீர்கள்.

இந்தியக் கம்பெனிக்குப் பயன்படுமா என்றால், நேரத்தைப் பொறுத்தது. நியூயார்க்கில் மதியம் 12 என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30, நவம்பர் முதல் மார்ச் வரை 10.30. அவர்கள் மதியம் கேட்டு மாலை 5-க்குள் வேண்டும் என்றால் உங்கள் பொறியாளர் தூங்கிக்கொண்டிருப்பார். லண்டன் எளிது, அங்கே காலை 10 என்றால் இங்கே மதியம் 2.30 அல்லது 3.30, ஆபீஸ் நேரத்துக்குள்ளேயே பதில் போட்டுவிடலாம். ஆகவே பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலில். அமெரிக்காவுக்கு, கெடு ஒன்றிரண்டு நாள் தள்ளியிருக்கும் கேள்விகளை மட்டும் எடுங்கள்.

கேள்வி வந்து ஒரு மணி நேரத்துக்குள் பதில் போகவேண்டுமானால் முன்தயாரிப்பு வேண்டும். பொறியாளரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து 12 தலைப்புக்கு, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாக்கியம் அவர் பேச்சிலேயே பதிவுசெய்து எழுதிவையுங்கள்: வறண்டு ஓடுதல், வோல்டேஜ், சோலார் பம்ப் அளவு தேர்வு, மணல் அரிப்பு, உப்புநீர், சிங்கிள் ஃபேஸ் கெபாசிட்டர், உதிரிபாகம் இப்படி. கேள்வி வந்ததும் அதை அப்படியே ஒட்டக்கூடாது. அதை அடிப்படையாக வைத்து அந்தக் கேள்விக்கு எழுதி, வாட்ஸ்அப்பில் பொறியாளர் 'சரி' என்ற பிறகு அனுப்பவேண்டும்.

சாட்ஜிபிடியில் எழுதி அனுப்பும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரே கேள்விக்கு அதே தொனியில் நூறு பதில் வந்து குவிவதுதான் இந்தத் தளங்களின் இப்போதைய நோய். 2025-இல் பிரிட்டனின் பிரஸ் கசெட், இல்லாத ஆட்களை நிபுணர் என்று காட்டி மேற்கோள் விற்றதைத் தொடர்ந்து அம்பலப்படுத்தியது. அதற்குப் பிறகு செய்தியாளர்கள் முதலில் பார்ப்பது "இந்த ஆள் உண்மையில் இருக்கிறாரா?" என்பதைத்தான். கம்பெனி வெப்சைட்டில் பொறியாளருக்குத் தனிப் பக்கம் வேண்டும்: படம், படிப்பு, எத்தனை ஆண்டாக எந்த வகைப் பம்ப், கம்பெனி மெயில் முகவரி. லிங்க்ட்இன் கணக்கும் அதே பதவியைச் சொல்லவேண்டும். மெயில் ஜிமெயில் முகவரியிலிருந்து போகக்கூடாது. "வீடியோ காலில் பேசவும் தயார்" என்ற ஒரு வரி இப்போது பெரிய சான்றிதழ்.

பதிலின் வடிவம்: முதல் வரியில் பெயர், பதவி, நிறுவனம், ஊர். அடுத்து கேள்விக்கு நேரான விடை, 3 முதல் 5 வாக்கியம், வெட்டி ஒட்டினால் அப்படியே மேற்கோளாக நிற்கிற மாதிரி. அவர்கள் "பெண் தொழில்முனைவோர் மட்டும்", "ஆஸ்திரேலியாவில் இருப்பவர் மட்டும்" என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். பொருந்தாத பதில் தொடர்ந்து அனுப்புகிறவரைத் தளமே தடுக்கும். சில தளங்களில் இலவசக் கணக்குக்கு மாதத்துக்குச் சில பதில்தான் அனுமதி.

லிங்க் விஷயம். கேட்கலாம், நிபந்தனை போடக்கூடாது. பல பத்திரிகைகள் வெளி லிங்க்குக்கு 'நோஃபாலோ' (தேடல் தரவரிசைக்கு இதைக் கணக்கில் எடுக்காதே என்ற குறி) போடுகின்றன, சில லிங்க்கே தருவதில்லை. "லிங்க் கொடுத்தால்தான் மேற்கோள்" என்றால் மேற்கோளும் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய லிங்க்குக்கு 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறி இல்லையென்றால் கூகுள் அதை லிங்க் ஸ்பேம் என்றே பார்க்கும். நிர்வாகத்துக்குக் காட்ட வேறு அளவுகள் இருக்கின்றன: கூகுளின் சர்ச் கன்சோலில் தெரியும், பிராண்ட் பெயரைத் தேடியவர்கள் எண்ணிக்கை, டீலர் விசாரணைப் படிவத்தில் "எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்ற ஒரு பெட்டி. "இந்தச் செய்தி இத்தனை லட்சம் விளம்பரத்துக்குச் சமம்" என்று டூல் ஒரு எண் காட்டும். அந்தக் கணக்கை 2010-இல், பிஆர் பலனை அளப்பதற்கான பார்சலோனா கோட்பாடுகளிலேயே பிஆர் துறை தள்ளிவைத்துவிட்டது.

---

கணக்குப்பிள்ளை

பணப் பக்கம் மட்டும். பெரிய டேட்டாபேஸ் டூல்கள் பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தம், தானாகப் புதுப்பிக்கும் ஷரத்தோடு வரும். ரத்து செய்ய எத்தனை நாள் முன்னால் எழுத்தில் சொல்லவேண்டும் என்பதைப் பார்த்து அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். கையெழுத்துக்கு முன் டெமோவில் அவர்கள் காட்டும் பெயரைப் பார்க்காமல், உங்கள் 25 பேர் பட்டியலைக் கொடுத்து எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை பேரின் வேலை சரியாக இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பாதிகூட இல்லையென்றால் வாங்காதீர்கள். 25 பேருக்கு ஒரு ஷீட் போதும்.

வெளிநாட்டு டூல் என்றால் இறக்குமதிச் சேவை. ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் ரிவர்ஸ் சார்ஜில் (வாங்குபவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம் கட்டி, தகுதியிருந்தால் கிரெடிட் எடுக்கலாம். கார்டில் மாதாமாதம் போய்க்கொண்டிருப்பதைக் கணக்குப் பிரிவுக்குச் சொல்ல மறப்பது வழக்கம்.

நிறுவனம் பங்குச்சந்தையில் இருந்தால் இன்னொரு விஷயம்: பொறியாளர் பேச்சுவாக்கில் புது ஆர்டர், காலாண்டு விற்பனை என்று சொல்லிவிடக்கூடாது. வெளியிடாத விலை உணர்திறன் தகவல் (பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் பொதுவில் சொல்லாத தகவல்) பற்றிய செபி விதி பேட்டிக்கும் பொருந்தும். கம்பெனி செகரட்டரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

"உங்கள் நிபுணரைச் சிறப்புப் பேட்டிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பதிப்புக் கட்டணம் மட்டும்" என்று மெயில் வர ஆரம்பிக்கும். அது விளம்பரம். செய்யலாம், விளம்பரப் பட்ஜெட்டில், விளம்பரம் என்ற குறியோடு.

---

இரவுப்பதிப்பு

மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறதே. தமிழுக்கு அந்த டூல் அநேகமாக உதவாது. அவை ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்துக் கட்டியவை. தமிழ் நாளிதழில் பல செய்தி நிருபர் பெயரில்லாமல் "நமது நிருபர்" என்று வரும். பைலைனை (செய்தியோடு வரும் எழுதியவர் பெயர்) வைத்துத் தேடும் டூலுக்கு அந்த ஆள் கண்ணிலேயே பட மாட்டார். மாவட்ட நிருபர்களிடம் போனும் வாட்ஸ்அப்பும்தான். காலை 10 முதல் 12 வரை பேசுங்கள்; மாலை 5-க்கு மேல் பக்கம் முடிக்கும் அவசரம். விவசாயத்துக்கென்றே தினமலரின் விவசாய மலர், பசுமை விகடன் போன்றவை இருக்கின்றன. அங்கே 'கம்பெனி நிபுணர்' என்பதைவிட, பம்ப் தேர்வு செய்வது எப்படி என்று விவசாயிக்குப் பயன்படும்படி சொல்பவருக்கே இடம். பிராண்ட் பேர் கடைசியில் ஒரு வரி வரும், அது போதும்.

அனுப்பும்போது செய்தியை யூனிகோடில் மெயிலின் உடலிலேயே எழுதுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல் அவர்களிடம் கிறுக்கலாகத் திறக்கும். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி "கொ" உடைந்துபோகும். அதைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. வாட்ஸ்அப்பில் படத்தை 'டாக்குமென்ட்'டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கி அச்சுக்கு ஆகாது. பொறியாளரின் பெயர், பிராண்ட் பெயர் இரண்டும் தமிழில் எப்படி எழுதவேண்டும் என்று ஒரே மாதிரி கொடுங்கள். நீங்கள் தரவில்லையென்றால் ஊருக்கு ஒரு எழுத்துக்கூட்டில் வரும், பிறகு தேடினாலும் கிடைக்காது.

பேட்டி கிடைத்த பிறகு கெடுப்பதற்கும் வழிகள் உண்டு. "எங்கள் பம்பில் இந்தப் பிரச்சினையே வராது" என்று பொறியாளர் சொன்னால் அந்த வாக்கியம் வெட்டுப்படும், சேர்ந்து அடுத்த வாக்கியமும். பொதுவாகப் பம்பைப் பற்றிப் பேசட்டும். நிறுவனத்தின் பெயர் அவர் பதவியோடு தானாக வரும். "இதைப் போடாதீங்க" என்பதைச் சொல்வதற்கு முன் கேட்டு, எதிரில் இருப்பவர் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். சொன்னபிறகு கேட்டால் கணக்கில்லை. அச்சுக்கு முன் செய்தியைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். "எண்களை மட்டும் ஒருமுறை படித்துக்காட்டுங்கள், சரிபார்த்துவிடுகிறோம்" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தெரியாததைத் "தெரியாது, இரண்டு மணி நேரத்தில் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, அதே இரண்டு மணி நேரத்தில் சொல்லவேண்டும். அடுத்த கோடையில் அவரே உங்களைக் கூப்பிடுவது இதனால்தான்.

---

நொய்யல்கரை

பட்டியல் 412-லிருந்து 23-க்கு வந்திருக்குங்க. சுழலி அண்ணா சொன்ன 100 மீட்டர் கணக்கை எங்கள் பொறியாளர் எங்கள் பம்பின் வளைகோட்டை வைத்தே போட்டுத் தருகிறேன் என்றார். கடைசியாக ஒரு சந்தேகம்: ஒரே ஆங்கில நாளிதழில் கோவை நிருபரும் பொருந்துகிறார், சென்னையில் எரிசக்தி எழுதுபவரும் பொருந்துகிறார். இரண்டு பேருக்கும் அனுப்பலாமா?

---

இரவுப்பதிப்பு

ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு காலைக் கூட்டத்தில் மோதினால் இரண்டு பேரிடமும் உங்கள் பேர் கெடும். கோவைக்காரருக்கு முதலில், அவர் ஆலைக்கு நேரில் வரமுடியும். ஃபாலோ-அப் போட்டு 4 வேலை நாளில் பதில் இல்லையென்றால் சென்னைக்காரருக்கு எழுதுங்கள், "உங்கள் கோவை அலுவலகத்துக்கும் முன்பு எழுதியிருந்தோம்" என்ற வரியோடு. டூலில் அந்த இரண்டு பெயருக்கும் ஒரே குறிப்பைப் போட்டுவையுங்கள், உங்கள் ஏற்றுமதிப் பிரிவு தெரியாமல் மூன்றாவது மெயில் அனுப்பிவிடாமல் இருக்க.